எழுபதில் எல்.ஐ.சி.: யார் வீட்டுப் பணம்?

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை. எல்.ஐ.சி. ஏஜென்ட்டை மைத்துனராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, கூடப் படித்தவராகவோ வைத்திருந்த யாரும் அன்றைக்கு லேசில் தப்பியிருக்க முடியாது. ‘அண்ணே, சின்னவன் பேர்ல ஒண்ணே ஒண்ணு போட்டுருவோம். ஆதார், பேன், ரெண்டு போட்டோ மட்டும் குடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.’ யோசிக்கலாம் என்று இழுத்தால், ‘இன்னிக்கே முடிக்கணும்ணே, நாளைக்குன்னா கணக்குல வராது.’

அவசரம் மேலிருந்து வந்தது. ஒவ்வொரு ஏஜென்ட்டும் அன்றைக்குள் ஒரு பாலிசியாவது முடிக்க வேண்டும் என்று அப்போதைய நிர்வாக இயக்குநர் சித்தார்த்த மொஹந்தி கேட்டுக்கொண்டிருந்தார். 24 மணி நேரம் முடிந்து எண்ணிப் பார்த்தால், 4,52,839 ஏஜென்ட்டுகள் 5,88,107 பாலிசிகளை முடித்திருந்தார்கள். நொடிக்கு ஏறக்குறைய ஏழு. கின்னஸ் அதைச் சாதனையாகப் பதிந்துகொண்டது.

எல்.ஐ.சி.யின் பலமும் அதுதான், நோயும் அதுதான். தெரிந்தவர் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக ஏறக்குறைய ஆறு லட்சம் கையெழுத்துகளை ஒரே நாளில் வாங்க இந்தியாவில் வேறு எந்த நிறுவனத்தாலும் முடியாது. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தாள்களைப் படித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏஜென்ட்டே சிரித்துவிடுவார்.

1956 செப்டம்பர் 1-ல் பிறந்த இந்த நிறுவனம் எழுபதைத் தொடுகிறது. 2025 மார்ச் கணக்குப்படி அது நிர்வகிக்கும் சொத்து 54.52 லட்சம் கோடி ரூபாய். ஒப்பிட்டுக்கொள்ள ஒரு எண்: 2025-26-க்கு மத்திய அரசு போட்ட மொத்த பட்ஜெட் செலவு 50.65 லட்சம் கோடி. தனியார் கம்பெனிகள் நுழைந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும், 2024-25-ல் வசூலான புதுப் பிரீமியத்தில் 57 சதவீதம் இங்கேதான் வந்தது.

இப்போது ஒரே நேரத்தில் பல விஷயங்கள் மாறுகின்றன. 2027 மே மாதத்துக்குள் பொதுமக்கள் கையில் 10 சதவீதப் பங்காவது இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வைத்திருக்கும் கெடு. 2022-ல் விற்றது 3.5 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பாலிசியைப் பாதியில் விடுபவர்களுக்கான விதிகள் 2024 அக்டோபரில் மாறின. இந்தத் துறையில் அந்நிய முதலீட்டுக்கு இருந்த வரம்பை 100 சதவீதமாக உயர்த்தப்போவதாக 2025 பட்ஜெட் அறிவித்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. அந்த 54 லட்சம் கோடி யாருடையது? பாலிசிதாரருடையதா, 96.5 சதவீதப் பங்கோடு உட்கார்ந்திருக்கும் அரசுடையதா, பங்குச் சந்தையில் வாங்கியவருடையதா? கேள்வி புதிதல்ல. எல்.ஐ.சி. பிறந்ததே இந்தக் கேள்வியால்தான்.

இந்திய உயிருக்குக் கூடுதல் கட்டணம்

இந்திய மண்ணின் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1818-ல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல். வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்காக நடத்தியது. மெட்ராஸ் ஈக்விடபிள் 1829-ல் வந்தது. இந்தியர்களைச் சேர்த்துக்கொண்ட கம்பெனிகளும், நம் உயிர் சீக்கிரம் போகிற உயிர் என்று கணக்குப் போட்டுக் கூடுதல் பிரீமியம் வசூலித்தன. 1870-ல் பிறந்த பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியரையும் சாதாரணக் கட்டணத்தில் ஏற்றுக்கொண்டது. சுதேசி அலையில் இன்ஷூரன்ஸும் தேசபக்தியாயிற்று. சென்னையில் யுனைடெட் இந்தியா வந்தது. 1907-ல் கல்கத்தாவில் தொடங்கிய ஹிந்துஸ்தான் கோஆபரேட்டிவுக்கு முதல் அலுவலகம், ஜொராசாங்கோவில் தாகூர் குடும்ப வீட்டின் ஓர் அறை.

சுதேசிக் கம்பெனி என்பதால் பணம் பத்திரமாக இருந்தது என்று அர்த்தமல்ல. பிரீமியம் இன்று வரும், க்ளெய்ம் இருபது வருஷம் கழித்து வரும். இடையில் பெட்டியில் கிடக்கும் பணத்தின் மேல் முதலாளிகளுக்கு ஆசை வருவது இயற்கை. 1938-ல் காப்பீட்டுச் சட்டம் வந்த பிறகும் அந்த ஆசை அடங்கவில்லை. 1955 டிசம்பரில் மக்களவையில் பெரோஸ் காந்தி எழுந்து, ராமகிருஷ்ண டால்மியா தன் பிடியில் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் பணத்தைத் தன் மற்ற வியாபாரங்களுக்கு எப்படித் திருப்பினார் என்று விவரமாகப் பேசினார். டால்மியா பின்னர் தண்டிக்கப்பட்டுச் சிறைக்கும் போனார்.

அந்தப் பேச்சு நடந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். 1956 ஜனவரி 19 அன்று நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசினார். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை அவசரச் சட்டத்தின் மூலம் அரசு எடுத்துக்கொண்டது. இந்திய நிறுவனங்கள் 154, வெளிநாட்டு நிறுவனங்கள் 16, பிராவிடண்ட் சொசைட்டிகள் 75. ஆக மொத்தம் 245. இவ்வளவும் சேர்ந்து செப்டம்பர் 1-ல் ஒரே நிறுவனமாயின. அரசு போட்ட முதல் 5 கோடி ரூபாய். பம்பாய், கல்கத்தா, டெல்லி, கான்பூர், சென்னை என்று ஐந்து மண்டலங்கள்.

அந்த 5 கோடியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2022-ல் பங்கு விற்க வந்தபோது, உரிமையாளர் தன் கையிலிருந்து ஆரம்பத்தில் போட்டது இவ்வளவுதானே என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. நியாயமான கேள்விதான்.

> பெட்டிச் செய்தி: மௌண்ட் ரோடு கட்டடம்
>
> சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தைக் கட்டத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. யுனைடெட் இந்தியாவை நடத்திய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் கனவு அது. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். கட்டடம் எழும்பி முடிவதற்குள் கம்பெனி தேசியமயமானது.
>
> 1959 ஆகஸ்ட் 23-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் இதுதான். 1975 ஜூலையில் பெரிய தீ விபத்தைத் தாங்கி நின்றது. கதாநாயகன் ஊரிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்தபடி தமிழ் சினிமா நம்பியது இந்தக் கட்டடத்தைத்தான்.

ஒலிபெருக்கி கட்டிய விசாரணை

தனியார் முதலாளி பெட்டியில் கை வைக்கிறார் என்றுதான் அரசு சாவியை வாங்கியது. எல்.ஐ.சி. பிறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை, 1957 ஜூனில் அது ஒரு காரியம் செய்தது. கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற பங்கு வியாபாரியின் பிடியில் இருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் க்ரூடாஸ், ஜெஸ்ஸாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன், ஆஸ்லர் லாம்ப்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. முந்த்ரா அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். வாங்குவதற்கு முன் எல்.ஐ.சி.யின் சொந்த முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை.

இதையும் மக்களவைக்குக் கொண்டுவந்தவர் பெரோஸ் காந்திதான். ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். ஆனால் அந்த நாளில் அவர் எதிர்க்கட்சிக்காரர்களையும் மிஞ்சினார். கேள்விகளைத் தாங்க வேண்டியிருந்தவர் சென்னைக்காரரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லாவைத் தனிநபர் ஆணையமாக அரசு நியமித்தது. அவர் விசாரணையைத் திறந்த அவையில் நடத்தினார். கூட்டம் தாங்கவில்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். மத்திய அரசின் நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல், எல்.ஐ.சி. தலைவராக இருந்த ஜி.ஆர். காமத், கடைசியில் நிதியமைச்சர் என்று ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டுக்கு வந்தார்கள். யார் உத்தரவில் வாங்கினீர்கள் என்ற கேள்வியை ஒருவர் இன்னொருவரிடம் தள்ளிவிட்டதைத் தெருவில் நின்ற ஜனம் காதால் கேட்டது. சில வாரங்களில் அறிக்கை தயார். செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சரே பொறுப்பு, தனக்குத் தெரியாது என்று அவர் ஒதுங்க முடியாது என்றார் சாக்லா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழலில் சிக்கியது பாலிசிதாரர் பணம்.

இன்றைக்கு அந்தத் தொகை பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பொது நிறுவனம் பங்கு வாங்கிய விவகாரத்தை ஒலிபெருக்கி கட்டி விசாரித்த நாடு இது என்பதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அவசரத்துக்கு உடைக்கும் உண்டியல்

முந்த்ரா விவகாரத்துக்குப் பிறகு முதலீட்டு விதிகள் இறுகின. எல்.ஐ.சி. பணத்தில் பெரும்பங்கு அரசுக் கடன் பத்திரங்களில் இருக்கிறது. சாலை, மின்சாரம், குடிநீர், வீட்டு வசதி எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் போயிருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டெல்லியில் கை முட்டும்போதெல்லாம் முதலில் அடிக்கும் போன் மணி மும்பை யோகக்ஷேமாவில்தான் என்ற பேச்சு ஓய்ந்ததில்லை. எல்.ஐ.சி.யின் தலைமை அலுவலகத்துக்கு அதுதான் பெயர்.

2012 மார்ச்சில் ஓ.என்.ஜி.சி.யின் 5 சதவீதப் பங்குகளை அரசு ஏலத்தில் விற்றது. வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் பெரும்பகுதியை எல்.ஐ.சி. வாங்கிக்கொண்டது. ஐ.டி.பி.ஐ. வங்கி வாராக் கடனில் தத்தளித்தபோது, ஒரு கம்பெனியில் 15 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியிலிருந்து விசேஷ அனுமதி வாங்கி, 21,600 கோடிக்கு மேல் கொட்டி, 2019 ஜனவரியில் 51 சதவீதத்துக்கு உரிமையாளரானது. வங்கி பிறகு லாபத்துக்குத் திரும்பியது உண்மை. திரும்பாமல் போயிருந்தால் யார் பணம் போயிருக்கும் என்பதும் உண்மை.

2023 ஜனவரியில் அதானி குழுமத்தின் மேல் குற்றம் சாட்டிய ஹிண்டன்பர்க் அறிக்கை வெளிவந்தபோது நாடே கேட்டது அதானி கணக்கை. எல்.ஐ.சி. விளக்கம் கொடுத்தது: அதானி குழுமப் பங்குகளை வாங்கிய விலை 30,127 கோடி, ஜனவரி 27 நிலவரப்படி சந்தை மதிப்பு 56,142 கோடி, கடன் பத்திரங்களையும் சேர்த்தால்கூட மொத்த முதலீட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கணக்கு சரிதான். 2025 மே மாதத்தில் அதானி போர்ட்ஸ் வெளியிட்ட 5,000 கோடி ரூபாய் கடன் பத்திரத்தை முழுவதுமாக எல்.ஐ.சி.யே எடுத்தபோது அதே கேள்விகள் மறுபடி எழுந்தன. லாபமா நஷ்டமா என்பது ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய முதலீட்டை யார், எந்தக் காரணத்தால் முடிவு செய்தார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு மட்டும்தான் பதில் வருகிறது.

நம்பிக்கையின் கணக்கு

இத்தனைக்குப் பிறகும் ஜனம் ஏன் எல்.ஐ.சி.யை விடவில்லை? 1994-ல் ஆர்.என். மல்ஹோத்ரா குழு தனியாருக்குக் கதவைத் திறக்கச் சொன்னது. 1999-ல் சட்டம் வந்தது. 2000 முதல் தனியார் கம்பெனிகள் வரிசைகட்டின. பத்து வருஷத்தில் எல்.ஐ.சி. கதை முடிந்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்கள் நிறைய. முடியவில்லை.

முதல் காரணம் எல்.ஐ.சி. சட்டத்தின் 37-வது பிரிவு. எல்.ஐ.சி. பாலிசியின் காப்பீட்டுத் தொகைக்கும், அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசு ஜாமீன். வேறெந்த ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இது கிடையாது. பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. இரண்டாவது காரணம் க்ளெய்ம். இறப்பு க்ளெய்ம்களில் மிகப் பெரும்பகுதி பட்டுவாடா ஆகிறது.

கொரோனா காலத்தில் அதன் அர்த்தம் தெரிந்தது. 2019-20-ல் எல்.ஐ.சி. கொடுத்த இறப்பு க்ளெய்ம் 17,528 கோடி. 2020-21-ல் 23,927 கோடி. இரண்டாவது அலை வீசிய 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களில் மட்டும் 21,734 கோடி. முந்தைய ஆண்டு முழுவதற்கும் கொடுத்ததை ஆறே மாதத்தில் ஏறக்குறைய எட்டிவிட்டது. ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்து தோற்ற எத்தனையோ வீடுகளில் அடுத்த மாதம் அடுப்பு எரிந்தது இந்தப் பணத்தில்.

மூன்றாவது காரணம், ஏஜென்ட். பதினான்கு லட்சம் சொச்சம் பேர். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதும் அவர்தான், சாவு வீட்டில் இறப்புச் சான்றிதழுக்கு நகராட்சிக்கு ஓடுவதும் அவர்தான். தனியார் கம்பெனிகள் வங்கிக் கவுன்ட்டரை நம்பி வளர்ந்தன. எல்.ஐ.சி. வீட்டுத் திண்ணையை நம்பி வளர்ந்தது.

எல்லாத் திண்ணைகளிலும் அது ஏறிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த பிரீமியத்தில் அதிகக் காப்பீடு தந்த ‘டேபிள் 58’ என்ற திட்டத்தை ஒரு காலத்தில் அரசு, பொதுத்துறை, பெயர்பெற்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டும்தான் வைத்திருந்தது. கூலிக்காரரும் விவசாயியும் கேட்டால் இல்லை. அந்த நிபந்தனை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பெண்களை வருமானம், படிப்பு பார்த்து வகை பிரித்து, வேலைக்குப் போகாத பெண்ணுக்குக் காப்பீட்டைக் குறுக்கிய காலமும் உண்டு. அதே நிறுவனம் 2024 டிசம்பரில் ‘பீமா சகி’ என்ற பெயரில், பத்தாவது படித்த பெண்களுக்கு மாதம் 7,000 ரூபாய் வரை உதவித்தொகை கொடுத்து ஏஜென்ட்டாக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

பாலிசி போட்டாச்சு, காப்பீடு எங்கே?

இனி கசப்பான பகுதி. நம் வீடுகளில் எல்.ஐ.சி. என்றால் சேமிப்பு. ‘பொண்ணு கல்யாணத்துக்கு வரும்’ என்றுதான் விற்கிறார்கள், அப்படித்தான் வாங்குகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 50,000 ரூபாய் வீதம் 20 வருஷம் கட்டினால் கட்டியது 10 லட்சம். சேமிப்பும் காப்பீடும் கலந்த எண்டோவ்மென்ட் வகைப் பாலிசிகள் தருவது பெரும்பாலும் ஐந்து, ஆறு சதவீத அளவில்தான். 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கடைசியில் 18.4 லட்சம் கைக்கு வரும். அதே பணத்தை அதே நாட்களில் 7.1 சதவீத வட்டியில் பி.பி.எஃப். கணக்கில் போட்டிருந்தால் சுமார் 22.2 லட்சம்.

‘பி.பி.எஃப்.ல உயிருக்குக் காப்பீடு இல்லையே’ என்பார் ஏஜென்ட். சரியான வாதம். ஆனால் வருஷம் 50,000 வாங்கும் அந்தப் பாலிசி தரும் காப்பீடு பத்து லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். முப்பது வயது, புகைப் பழக்கம் இல்லாதவர் என்றால், இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி ஒரு கோடி ரூபாய்க்கே பெரும்பாலும் வருஷத்துக்குப் பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கிறது; எல்.ஐ.சி.யிடமே கிடைக்கிறது. அதை ஏஜென்ட் ஏன் முதலில் எடுத்து நீட்டுவதில்லை? டேர்ம் பாலிசியில் பிரீமியம் கம்மி, எனவே கமிஷனும் கம்மி. நீண்ட காலச் சேமிப்புப் பாலிசிகளில் முதல் வருஷப் பிரீமியத்தில் 25 சதவீதம் கமிஷன், அதன் மேல் போனஸ் கமிஷன் என்று மொத்தம் 35 சதவீதம் வரை போய்க்கொண்டிருந்தது. ஏஜென்ட்டைத் திட்டிப் பயனில்லை. எதற்குக் காசு கொடுக்கிறார்களோ அதைத்தான் அவர் விற்பார்.

இதைவிட மோசம், பாதியில் விடுவது. பாலிசிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், போட்டு ஐந்து வருஷம் முடியும்போது பிரீமியம் தொடர்ந்து கட்டப்படுபவை ஏறக்குறையப் பாதிதான். மழை பொய்த்தது, வேலை போனது, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் என்று ஏதோ ஒன்று. முதல் வருஷத்தோடு விட்டால் ஒரு பைசா வராது. இரண்டாவது வருஷத்தோடு விட்டால் கட்டியதில் 30 சதவீதம். இதுதான் 2024 செப்டம்பர் வரை விதி. அக்டோபரிலிருந்து ஒரு வருஷப் பிரீமியம் கட்டியிருந்தாலே ஒரு நியாயமான சரண்டர் தொகை தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாற்றியது.

விளைவு உடனே தெரிந்தது. எல்.ஐ.சி. தன் எண்டோவ்மென்ட் திட்டத்தின் குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகையை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக்கியது. சேரும் வயதின் உச்ச வரம்பை 55-லிருந்து 50-க்கு இறக்கியது. 2023-24-ல் 2.04 கோடி தனிநபர் பாலிசிகள் விற்ற நிறுவனம், 2024-25-ல் விற்றது 1.78 கோடி. அந்த கின்னஸ் நாள் நடுவில் வந்தும் இந்த நிலை. சிறிய தொகைக்குப் பாலிசி போட்டவர்தான் முதலில் வெளியே நிற்கிறார். விதி நல்ல விதி. அதன் செலவை யார் தலையில் இறக்குவது என்பதில்தான் வழக்கமான சாமர்த்தியம்.

2004-ல் வந்த ‘ஜீவன் சரல்’ இன்னொரு பாடம். முதிர்வுத் தொகை சேரும் வயதைப் பொறுத்தது என்பதால், ஐம்பதைத் தாண்டிச் சேர்ந்த பலருக்குக் கடைசியில் வந்தது கட்டியதைவிடக் குறைவு. பத்திரத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. இதற்கும் முன்பு, பேராசிரியர் மனுபாய் ஷா என்பவர் எல்.ஐ.சி. பாலிசிதாரர்களிடம் அதிகப் பிரீமியம் வசூலிக்கிறது என்று ஆய்வு செய்து எழுதினார். எல்.ஐ.சி. தன் ‘யோகக்ஷேமா’ இதழில் மறுப்பைப் போட்டுக்கொண்டது. அவருடைய பதிலைப் போட மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், போட்டே ஆக வேண்டும் என்று 1992-ல் தீர்ப்பானது.

> பெட்டிச் செய்தி: ஏஜென்ட் மறந்துவிட்டால் நீங்கள் நினைவுபடுத்த
>
> பாலிசி பத்திரம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். சிறு கழிவுகள் உண்டு.
>
> பாலிசி தொடங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டால், நோயை மறைத்தார் என்பது உட்பட எந்தக் காரணம் காட்டியும் அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது. காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவு. மூன்று வருஷத்துக்குள் இறந்தால் கேள்விகள் வரும். எனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.
>
> லேப்ஸான பாலிசியைப் பொதுவாக ஐந்து வருஷத்துக்குள் உயிர்ப்பிக்கலாம்.
>
> தொழில் கடன் உள்ளவர்கள் 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி போட்டால், அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கே; கடன்காரர் கை வைக்க முடியாது.
>
> க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஒரே பானை, இரண்டு பானை

2022 மே மாதம் அரசு 22.13 கோடிப் பங்குகளை ஒன்று 949 ரூபாய்க்கு விற்று 20,557 கோடி திரட்டியது. பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி. அவர்களுக்கென்று ஒதுக்கிய பங்குகளுக்கு ஆறு மடங்கு விண்ணப்பம் வந்தது. டீமேட் கணக்கு என்றால் என்ன என்று தெரியாதவர்கள்கூட அதற்காகவே கணக்குத் திறந்தார்கள். மே 17-ல் பங்கு சந்தைக்கு வந்தது 867 ரூபாயில். தள்ளுபடி விலையில் வாங்கியவருக்கும் முதல் நாளே நஷ்டம்.

பங்கு விலையை எல்லாரும் பேசினார்கள். பேசாமல் விட்ட மாற்றம் வேறு. அதுவரை எல்.ஐ.சி.யின் உபரி எல்லாம் ஒரே பானையில் கிடந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பாலிசிதாரர்களுக்கு போனஸாக, ஐந்து அரசுக்கு. பங்கு விற்பனைக்காக 2021-ல் எல்.ஐ.சி. சட்டத்தைத் திருத்தினார்கள். பானை இரண்டானது. போனஸ் தரும் பாலிசிகள் ஒரு பானை, போனஸ் இல்லாத பாலிசிகள் இன்னொன்று. இரண்டாவது பானையின் லாபம் முழுவதும் பங்குதாரர்களுக்கு. முதல் பானையிலும் பங்குதாரர் பங்கு 5-லிருந்து 7.5 ஆகி, 2024-25 முதல் 10 சதவீதம்.

எல்.ஐ.சி.யின் ஆண்டு லாபத்தை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். 2021-22-ல் 4,043 கோடி. அடுத்த வருஷமே 36,397 கோடி. ஒரே ஆண்டில் வியாபாரம் ஒன்பது மடங்கு பெருகிவிடவில்லை. இரண்டாவது பானையிலிருந்து 27,000 கோடிக்கு மேல் பங்குதாரர் கணக்குக்கு மாறியது. 2024-25-ல் லாபம் 48,151 கோடி. அந்த ஆண்டுக்கான டிவிடெண்டாக அரசு வாங்கிக்கொண்ட காசோலை 7,324 கோடி.

பங்குதாரர் லாபம் கேட்பது தப்பில்லை. தனியார் கம்பெனிகளிலும் 90-10 கணக்குதான். ஆனால் அரசு ஐந்து கோடி போட்டுத் தொடங்கி, ஏறக்குறைய எழுபது வருஷம் பாலிசிதாரர் பணத்தில் வளர்ந்த நிறுவனத்தில், ‘உன் பங்கைக் குறைக்கிறோம்’ என்று பாலிசிதாரரிடம் யாரும் கேட்கவில்லை. கூட்டம் போட்டு வாக்களிக்கும் உரிமை பங்குதாரருக்குத்தான். அடுத்த விற்பனையில் இன்னும் 6.5 சதவீதம் கைமாறும். நிர்வாகத்தின் கண் இனி காலாண்டு முடிவுகளின் மேல் இன்னும் அதிகமாகப் பதியும். போனஸ் இல்லாத திட்டங்களை விற்பதில் எல்.ஐ.சி. இப்போது காட்டும் ஆர்வத்துக்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பானையைப் பார்த்துத்தான் அகப்பை போகும்.

எங்கள் கருத்து இது: பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் எல்.ஐ.சி.யைவிடப் பத்திரமான இடம் இந்தியக் காப்பீட்டில் இல்லை. பணம் பெருக வேண்டும் என்றால் அது சரியான இடமில்லை. குடும்பத் தலைவர் நாளை இல்லாமல் போனால் வீடு நிற்க வேண்டும் என்றால், பீரோவில் இருக்கும் நான்கைந்து சின்னப் பாலிசிகள் போதாது. ஒரு டேர்ம் பாலிசி வேண்டும். அரசுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த பங்கு விற்பனைக்கு முன், பாலிசிதாரர்களின் பிரதிநிதிகளை, பெயருக்கு அல்லாமல் வாக்கோடு, இயக்குநர் குழுவில் உட்கார வையுங்கள். ஒலிபெருக்கி கட்ட வேண்டாம். பெரிய முதலீடு ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி வெளியிட்டால் போதும்.

வாசகர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பீரோவைத் திறந்து பாலிசி பத்திரங்களை எடுங்கள். நாமினி பெயர் யாருடையது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பாலிசியில் காலமான அப்பாவின் பெயரே இன்னும் இருக்கலாம். முகவரி, வங்கிக் கணக்கு, செல்போன் எண் மாறியிருந்தால் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எத்தனை பாலிசி, எந்தக் கிளை, எப்போது முதிர்வு என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள். 2023-24-ல் மட்டும் 3.72 லட்சம் பாலிசிதாரர்கள் முதிர்வுத் தொகையான 881 கோடி ரூபாயைக் கேட்டு வரவில்லை. அப்படிப் பத்து வருஷம் கிடக்கும் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. அங்கேயிருந்தும் 25 வருஷம் வரை கேட்டு வாங்கலாம். அதன் பிறகு அது மத்திய அரசுக்குச் சொந்தம்.